தேர்ச்சி பெற்ற கல்லீரல்

பிப்ரவரி 3

குடல்-கல்லீரல் ஆய்வுப் பிரிவின் பொறுப்புச் செவிலியர் அவர்களுக்கு,

என் முறையீடுகள் பின்வருமாறு:

1. அக்டோபர் 14: பதினோரு ஆண்டுகளாகப் பெருங்குடல் அழற்சியோடு குடித்தனம் நடத்திவரும் என் இரத்தத்தில், பித்த நாளங்கள் கெட்டால் ஏறக்கூடிய நொதி இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல் இரு மடங்கு இருப்பதாக என் மருத்துவர் கண்டார். குடலில் இந்நோய் உள்ள சிலருக்குப் பித்த நாளங்கள் தழும்பேறிச் சுருங்கிவிடும் என்றும், அதை நிறுத்தக் கடையில் மருந்து இல்லை என்றும், தங்கள் ஆய்வில் சோதிக்கப்படும் மருந்து ஒன்றே இப்போதைக்கு வழி என்றும் சொன்னார்.

2. நவம்பர் 25: தாங்கள் என் விண்ணப்பத்தை ஏற்று, தகுதிச் சோதனைக்கு எட்டு வாரம் கழித்து நாள் குறித்தீர்கள். அந்த எட்டு வாரமும் என் கல்லீரல் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது விளக்கப்படவில்லை.

3. ஜனவரி 20: சோதனை நாள். பெருங்குடல் அழற்சி நோயாளிகளுக்கான பிரிவில் கழிப்பறைச் சாவி இரண்டு மாடி கீழே வைக்கப்பட்டிருந்தது. இந்த ஏற்பாட்டைச் செய்தவருக்கு இந்நோய் இல்லை என்பது உறுதி.

4. ஜனவரி 29: நான்கு வரிக் கடிதம். "தங்கள் கல்லீரல் நொதி இயல்பான அளவில் உள்ளதால் தாங்கள் தகுதி பெறவில்லை." ஒப்பத்தின் கீழே பெயர்கூட இல்லை.

நான் பல்கலைக்கழகத் தேர்வுத் துறையில் துணைக் கட்டுப்பாட்டு அலுவலர். தகுதியின்மைக் கடிதங்களில் கையெழுத்திடுவது என் பிழைப்பு. அத்தகைய கடிதம் ஒன்று சரியாக எழுதப்பட்டதா என்பதை அதன் உறையைத் தடவியே சொல்வேன். இது சரியாக எழுதப்படவில்லை. இரு மடங்காக இருந்த நொதி மூன்று மாதத்தில் இயல்புக்கு இறங்கியது எவ்வாறு? ஒன்று, முதல் சோதனை தவறு. அல்லது தங்கள் சோதனை தவறு. மறுசோதனை கோருகிறேன்.

தாங்கள் நலமா என்று விசாரிப்பது மரபு, விசாரிக்கிறேன். நான் நலமாக இருக்கிறேன் என்கிறது தங்கள் கடிதம். அதுவே என் முறையீடு.

இப்படிக்கு,
தகுதியற்றவர் எனத் தங்களால் அறிவிக்கப்பட்டவர்

*

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாண்டு எழுதுகிறேன். நானும் உங்கள் மாப்பிள்ளையும் இங்கே சுகம். அண்ணியின் முதுகுவலி எப்படி இருக்கிறது? கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் இன்னும் பிரேக்கை ஏறி மிதித்து அவரை முன்னால் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்களா?

ஆய்வுப் பிரிவுக்கு நீங்கள் எழுதியதன் நகல் கிடைத்தது. உங்கள் மாப்பிள்ளை அதைத் தான் வேலை பார்க்கும் பம்ப் நிலையத்துக்கு எடுத்துப்போய் மதியச் சாப்பாட்டின்போது எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார். கழிப்பறைச் சாவி வந்த இடத்தில் கைதட்டினார்களாம். வீட்டுக்கு வந்து, "உங்கண்ணனோட கல்லீரல் பாஸாயிடுச்சு. அதுக்குப் போய் மறுமதிப்பீடு கேக்கறாரே மனுஷன்" என்றார். நானும் சிரித்தேன். பிறகு தனியாக இருக்கும்போது சிரிப்பு வரவில்லை. அந்த மருந்தை நீங்கள் எவ்வளவு நம்பியிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். குடல் ஒன்று போதாதா, கல்லீரலுமா என்று நினைத்துக்கொண்டே அன்று கடையில் ஒருவருடைய மூக்குக்கண்ணாடி லென்ஸைத் தப்பாகத் தேய்த்துவிட்டேன்.

எனக்குக் காது கேட்டிருந்தால் அந்தச் செவிலியரைத் தொலைபேசியில் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டிருப்பேன். சின்ன வயதுக் காய்ச்சல் அவரைக் காப்பாற்றிவிட்டது.

இப்போது எத்தனை தடவை போகிறீர்கள்? ரத்தம் உண்டா? உண்மையைச் சொல்லவும்.

தூக்கத்துக்கான மூலிகை மாத்திரை இத்துடன் இரண்டு டப்பா. வழக்கம்போல் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன், நசுங்காது. அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் நீங்கள் அசந்து தூங்குகிறீர்கள் என்று அண்ணி எழுதியதிலிருந்து எங்கள் கடைக்கு அதை விற்கக் கொண்டுவரும் பச்சைப் பை அம்மாவை நான் உட்கார வைத்துத்தான் பேசுகிறேன். சரக்கு தீர்ந்துவிடும் என்று பயமுறுத்தினார். மொத்தமாக வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டேன். எனக்கு அது தேவையில்லை. இடி விழுந்தாலும் கலையாத தூக்கம் எனக்கு, அது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் வாண்டு

*

பிப்ரவரி 21

ஐயா, வணக்கம்.

உங்கள் உடல்நலத்தை விசாரிப்பது என் வேலை என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

முறையீடு மூன்று நியாயமானது. கழிப்பறைச் சாவி இப்போது எங்கள் வாசலிலேயே ஆணியில் தொங்குகிறது. இத்தனை ஆண்டுகளில் நோயாளிகள் யாரும் இதைச் சொன்னதில்லை; ஓடுவதிலேயே குறியாக இருந்திருப்பார்கள். நான்காவதும் நியாயமானதே. அந்தக் கடிதத்தை அனுப்பியவள் நான்தான். தேர்வு பெறாதவர்களுக்கு ஆறுதலாக ஒரு வரி எழுதக்கூடாதென்று விதி எதுவும் இல்லை. எழுதாமல் விட்டது என் சோம்பல்.

ஆய்வுக்கான மறுசோதனைக்கு விதி இடம் தராது. ஆனால் உங்கள் கேள்வி என்னை விடவில்லை. ஆய்வகத்தில் உங்கள் இரத்த மாதிரியை மீண்டும் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன், அளவு சரிதான். உங்கள் மருத்துவரின் ஆய்வகத்திலும் கேட்டேன், அதுவும் சரிதான். பித்த நாளங்களில் ஏறிய தழும்பு தானாகக் கோபித்துக்கொண்டு போய்விடுவதில்லை.

ஆகவே படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி: அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் நீங்கள் எதை நிறுத்தினீர்கள்? "தற்போது எடுத்துக்கொள்பவை" என்ற இடத்தில் குடல் மாத்திரை ஒன்றை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஐம்பதைக் கடந்த ஒருவர் ஒரே ஒரு மாத்திரை சாப்பிடுவதாக எழுதினால் நான் நம்புவதில்லை. மருந்து என்று நீங்கள் கருதாதவற்றையும் எழுதுங்கள்.

இனி விசாரிக்கிறேன்: எப்படி இருக்கிறீர்கள்?

ஆய்வுப் பிரிவின் செவிலியர்

*

பிப்ரவரி 28

மதிப்பிற்குரிய செவிலியர் அவர்களுக்கு,

வணக்கம். என் உடல்நிலை: குடல் சுமார், மனநிலை தங்கள் முதல் கடிதத்தால் கெட்டு, இரண்டாவதால் ஓரளவு சீரடைந்தது. தாங்கள் கேள்வி கேட்கத் தெரிந்தவர் என்பதை விருப்பமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

தேர்வறைக்குள் நுழைவோர் சட்டைப்பைகளைக் காலி செய்ய வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. பையில் குற்றமான பொருள் இருக்கிறதா என்பது கேள்வியல்ல. பை காலியாக இருந்தால்தான் விடைத்தாளில் இருப்பது எழுதியவருடையதே என்று நாங்கள் கையெழுத்திட முடியும். தாங்கள் சோதனைக்கு நாள் குறித்ததும் நானும் என் பைகளைக் காலி செய்தேன். நோயை அளக்க வருகிறவர்களுக்கு நோய் மட்டுமே கிடைக்கட்டும், வேறு எதுவும் கலக்க வேண்டாம் என்பது என் எண்ணம். இதைச் செய்யும்படி யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்திலிருந்து நான் நிறுத்தியவை: தேநீர், முழங்கால் தைலம், என் மனைவி செய்யும் ஊறுகாய், ஓராண்டாகத் தூக்கத்துக்காகச் சாப்பிட்டுவந்த மூலிகை மாத்திரை. படிவத்தை நிரப்பிய நாளில் நான் எடுத்துக்கொண்டது ஒரே மாத்திரைதான். நான் பொய் எழுதவில்லை.

கார் ஓட்டக் கற்றுத்தரும் என் மனைவி மாணவர்களிடம் பேசும் தொனியிலேயே என்னிடமும் பேசுவாள். "கல்லீரலுக்கு ஃபெயில் மார்க் வேணும்னு சண்டை போடற ஒரே ஆள் நீங்கதான். அதுலயும் காப்பியடிக்காம ஃபெயிலாகணும்னு பாத்தீங்க பாருங்க" என்பது அவள் கருத்து.

தங்கள் தகுதியின்மைக் கடிதம் வந்த அன்றிலிருந்து மாத்திரையை மீண்டும் தொடங்கிவிட்டேன். தூக்கம் வேண்டியிருந்தது. டப்பா ஒன்றை இத்துடன் அனுப்பியுள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் விண்ணப்பதாரர்

*

மார்ச் 13

ஐயா, வணக்கம்.

டப்பாவைப் பார்த்த உடனே உங்கள் வீட்டுக்குத் தொலைபேசி செய்து, அதை நிறுத்திவிட்டு இரத்தம் கொடுக்க வரும்படி உங்கள் மனைவியிடம் சொன்னேன். நீங்கள் மறுநாளே வந்ததற்கும், சாவி ஆணியில் இருக்கிறதா என்று முதலில் சரிபார்த்ததற்கும் நன்றி.

முடிவு வந்துவிட்டது. நொதி மீண்டும் ஏறியிருக்கிறது. பித்த நாளங்களின் படமும் வந்தது. எங்கள் மருத்துவர் அதை இரண்டு முறை பார்த்தார். நாளங்கள் சுத்தமாக இருக்கின்றன. தழும்பு இல்லை, சுருக்கம் இல்லை. உங்களுக்கு வந்துவிட்டதாக அஞ்சிய நோய் உங்களுக்கு இல்லை. மாத்திரை சாப்பிட்டால் கல்லீரல் வீங்குகிறது, நிறுத்தினால் தேறுகிறது, அவ்வளவுதான். அதைத் தொடர்ந்து சாப்பிட்டுவந்த எங்கள் மருத்துவமனை நோயாளிகள் இருவருக்கு மஞ்சள்காமாலை கண்டு, ஒருவர் பல வாரம் படுக்கையில் கிடந்தார் என்பதால் "அவ்வளவுதான்" என்பதைச் சிறியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டப்பாவில் பச்சை இலைப் படம் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரியும் இல்லை.

இன்றைய அளவை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் நீங்கள் எங்கள் ஆய்வுக்குத் தகுதி பெற்றுவிடுவீர்கள். தயவுசெய்து தகுதி பெறாதீர்கள்.

நீங்கள் யாரும் கேட்காமலே பையைக் காலி செய்யாவிட்டால் இது வெளியே தெரிந்திருக்காது. இல்லாத நோய்க்கு நாங்கள் உங்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம்.

ஒன்று முக்கியம். இதை உங்களுக்குக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள்.

ஆய்வுப் பிரிவின் செவிலியர்

*

மார்ச் 20

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். மாப்பிள்ளையும் நீயும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். உன் அண்ணியின் முதுகு தேவலாம். இந்த மாதம் அவளிடம் கற்பவர் பிரேக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வண்டி தானாக நின்றுவிடுகிறதாம்.

நல்ல செய்தி. பித்த நாளங்களைப் படம் எடுத்துப் பார்த்ததில் எனக்கு அந்த நோய் இல்லை என்று உறுதியாகிவிட்டது. நொதி ஏறியது தற்காலிகமான காரணத்தால் என்று கருதுகிறார்கள். ஆகவே ஆய்வு குறித்து நீ இனி வருந்த வேண்டியதில்லை.

நீ கேட்டதற்கு: நாளொன்றுக்கு நான்கு முறை. இரத்தம் இரு வாரங்களாக இல்லை.

மற்றொன்று. மூலிகை மாத்திரையை இனி அனுப்ப வேண்டாம். தூக்கம் இப்போது சீராக இருப்பதால் தேவை எழவில்லை. மேலும் எங்கள் குடியிருப்பின் தபால் பெட்டி சிறியது. பொதிகளைக் கையாள்வது காவலருக்குச் சிரமமாக இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்

*

மே 5

மதிப்பிற்குரிய செவிலியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் மாதச் சோதனையில் என் நொதி இயல்பு நிலைக்குத் திரும்பியதைத் தெரிவித்த தங்கள் கடிதத்துக்கு நன்றி. இச்சொல்லை நான் அலுவல் கடிதங்களின் கடைசி வரியில் வழக்கமாக இடுவேன். இங்கே வழக்கத்துக்காக இடவில்லை.

பெருங்குடல் அழற்சி இருந்தும் கல்லீரல் நன்றாக இருப்பவர்களைக் கொண்ட ஒப்பீட்டுக் குழுவில் நான் சேரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைத் தகுதியற்றவனாக்கிய அதே கல்லீரல் இப்போது என் தகுதியாகியிருக்கிறது. ஒப்புதலை இணைத்துள்ளேன். தங்களின் இந்தக் கடிதமும் நான்கு வரிதான். இம்முறை எனக்கு முறையீடு இல்லை.

மாத்திரை கொடுத்தவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று மீண்டும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அவர் என் தங்கை. வெகுதொலைவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். காது கேளாதவர், எங்களுக்குள் எல்லாம் கடிதம்தான். அனுப்புவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். தனக்கு அந்த மாத்திரை தேவையில்லை என்று அவரே முன்பு எழுதியிருக்கிறார். ஆகவே ஆபத்து எதுவும் இல்லை. ஓராண்டாக அவர் எனக்கு ஆசையாக அனுப்பியது என்னவென்று எழுதினால் அவர் அதை எப்படித் தாங்குவார் என்று எனக்குத் தெரியும். அதைத் தவிர்த்தேன். என் மனைவி உடன்படவில்லை. "சொல்லிடுங்க. அவ என்ன கண்ணாடியா, கைதவறினா உடையறதுக்கு" என்றாள்.

ஆறு வாரத்துக்கு மேலாகத் தங்கையிடமிருந்து பதில் இல்லை. கடையில் வேலை மிகுதியாக இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒப்பீட்டுக் குழு உறுப்பினர்

*

ஜூன் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள். அந்த நோய் இல்லை என்று படித்ததும் கடையில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த பத்தியைப் படித்த பிறகு எனக்கு ஒன்று மிச்சம் வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

தபால் பெட்டி சிறியது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெட்டி எப்போதிலிருந்து சிறியதாக இருக்கிறது அண்ணா? நான் அனுப்புவது தொந்தரவு என்றால் தொந்தரவு என்றே எழுதலாம். நான் லென்ஸ் தேய்க்கிறவள்தான். அதற்காக எனக்கு எழுத்து கலங்கலாகத் தெரிவதில்லை. கோபத்தில்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது கோபம் போய்விட்டது, பாதி.

அலமாரியில் அடுக்கி வைத்ததை என்ன செய்வது? ஆசையாக வாங்கினது, தூக்கிப் போட மனம் வரவில்லை. அண்ணனுக்கு வேண்டாமென்றால் நானே தின்று தீர்க்கிறேன் என்று ஏப்ரலில் ஆரம்பித்தேன். காலை ஒன்று, மாலை ஒன்று. உடம்புக்கு நல்லதுதானே.

இங்கே புதுசாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மாதமாக உள்ளங்கை அரிக்கிறது. லென்ஸ் கழுவும் திரவம் என்று நினைத்துக் கையுறை மாட்டிக்கொண்டேன். இப்போது உள்ளங்காலும் அரிக்கிறது. காலால் நான் லென்ஸ் கழுவுவதில்லை. உங்கள் மாப்பிள்ளை நேற்று என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, "என்ன, கண்ணு மஞ்சளடிச்ச மாதிரி இருக்கு. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டறவ உன் கண்ண ஒரு தடவ பாத்துக்கக் கூடாதா" என்கிறார். தூக்கம் கெட்டதால் இருக்கும். அரிப்பில் எங்கே தூங்குவது.

எத்தனை தடவை போகிறீர்கள் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னால் படிப்பேன்.

வாண்டு

*

ஜூன் 15

வாண்டு,

நலம் விசாரிக்க நேரமில்லை, நீ நலமில்லை.

நேற்று உன் கடிதம் வந்தது. பாதி படிக்கும்போதே உன் அண்ணியிடம் கொடுத்தேன். அவள் பயிற்சிக்கு வந்திருந்தவரைத் தெருவிலேயே வண்டியோடு விட்டுவிட்டுப் பம்ப் நிலையத்துக்குத் தொலைபேசி செய்தாள். பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"தம்பி, நான் சொல்றத அப்படியே செய்ங்க, கேள்வி அப்புறம். அவ சாப்பிடற அந்த மூலிகை மாத்திரைய இன்னிக்கே நிறுத்தணும். ஒரு டப்பாவ மட்டும் எடுத்துக்கிட்டு அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மிச்சத்தக் கொட்டிடுங்க."

மாப்பிள்ளை ஏதோ சொன்னார். நீ ஆசையாக அடுக்கி வைத்தது, கொட்டினால் கோபித்துக்கொள்வாய் என்றாராம்.

"கோச்சுக்கட்டும் தம்பி. நல்லா இருந்து கோச்சுக்கட்டும்."

இக்கடிதம் உன்னை அடையும்போது நீ மருத்துவமனையில் இருப்பாய், அல்லது போய்த் திரும்பியிருப்பாய். மாப்பிள்ளை உதட்டசைவில் சொல்லியிருக்கக்கூடியதை நான் முழுமையாக எழுத வேண்டும். அந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்கிறது. என் நொதி ஏறியது அதனால்தான். இதை நான் மார்ச் மாதமே அறிந்தேன். உன் மனம் நோகும் என்று தபால் பெட்டியின் மேல் பழி போட்டேன். தபால் பெட்டி போதுமான அளவு பெரியது. ஆய்வுப் பிரிவின் செவிலியர் உன்னிடம் சொல்லும்படி இருமுறை எழுதினார். நான் அவரை விட விவரம் தெரிந்தவன் என்று எண்ணிக்கொண்டேன். நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளாமல், உன் மருத்துவருக்குக் கொடுக்க வேண்டிய குறிப்பை எழுதித் தந்தார். இணைத்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்திய பலருக்குக் கல்லீரல் முழுமையாகத் தேறிவிடுகிறது என்பதையும் உனக்கு எழுதச் சொன்னார். அவர் சொன்னால் அது ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டதாக இருக்காது.

வலி உண்டா, சிறுநீர் என்ன நிறம், அரிப்பு எவ்வளவு என்று மருத்துவர் கேட்கும் எதையும் விட்டுவிடாமல் சொல். என்னைப்போல் சுருக்கி எழுதாதே.

அண்ணன்

*

ஜூலை 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி எப்படி இருக்கிறார்? தெருவில் விட்டுப்போன அந்த மாணவர் வீடு போய்ச் சேர்ந்தாரா?

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது வீட்டில். என் நொதி உங்களுடையதைவிட அதிகமாகப் போயிருந்ததாம். உங்கள் மாப்பிள்ளை, "அண்ணனத் தாண்டிட்டா" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரவில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன். காது கேட்காதவளுக்கு முன்னால் அழுகிறவர்கள் சத்தம் வராமல் அழுதால் போதும் என்று நினைக்கிறார்கள். மஞ்சள் இறங்கிவிட்டது. அரிப்பு ராத்திரியில் மட்டும் கொஞ்சம். உங்கள் செவிலியரின் குறிப்பைப் படித்த பிறகு இங்கே மருத்துவர் வேறு எதையும் தேடி நேரத்தை வீணாக்கவில்லை. இன்னும் ஒரு மாதம் தெரியாமல் சாப்பிட்டிருந்தால் கதை வேறு என்றார். அந்தச் செவிலியருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பச்சைப் பை அம்மாவிடம் கேட்டேன். அவரும் அதையேதான் சாப்பிடுகிறாராம். அவரையும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். திட்டலாம் என்றுதான் போனேன். அவர் கண்ணைப் பார்த்ததும் திட்ட வரவில்லை.

ஆனால் அண்ணா, ஒரு வருஷம். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பத்திரமாக வைத்து, நசுங்காமல், உங்களுக்கு விஷத்தை அனுப்பியிருக்கிறேன். குடல் புண்ணாகிக் கிடக்கிற மனிதருக்கு. என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் மன்னித்தாலும் எனக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இனி உங்களுக்கு எதையும் அனுப்பமாட்டேன். கடிதமும் இதுவே கடைசியாக இருக்கட்டும். என் கையால் எது வந்தாலும் உங்களுக்கு நல்லதில்லை.

22ஆம் தேதி திரும்பவும் ரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். போவதாக இல்லை. எனக்கு வந்தது எனக்கு வேண்டியதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாண்டு

*

ஜூலை 11

அன்புள்ள தங்கைக்கு,

நானும் உன் அண்ணியும் நலம். மாணவர் வீடு போய்ச் சேர்ந்தார். வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அவள் அவருக்குத் தேர்ச்சி அளித்துவிட்டாள்.

ஜூலை 4 தேதியிட்ட உன் கடிதத்தை நான் ஏற்க மறுக்கிறேன். இவ்வளவு கோபத்தோடு நான் இதுவரை எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதியதில்லை. ஆய்வுப் பிரிவுக்கு எழுதியது இதோடு ஒப்பிட்டால் வாழ்த்துமடல்.

விஷம் அனுப்பியதாக எழுதியிருக்கிறாய். நீ அனுப்பியது தூக்கம். அதைத்தான் நான் பெற்றேன். அதற்குள் வேறொன்றை அடைத்து, இலைப் படம் ஒட்டி விற்றவர்கள் எங்கோ இருக்கிறார்கள். அவர்கள் செயலை நீ உன் பெயரில் எழுதிக்கொள்ள உனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. உன் கல்லீரலைப் பொறுத்தவரை, தெரிந்தும் சொல்லாதிருந்தவன் நான். இருந்தும், உன் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. அதைப் படிக்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த நோய் எனக்கு வந்ததிலிருந்து நடந்ததைச் சொல்கிறேன், நீ அறியமாட்டாய். எல்லோரும் "உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் பேச்சை மாற்றினார்கள். அது அவர்கள் தவறல்ல. மலம், இரத்தம் என்பதை யார் கேட்க விரும்புவார்கள். அலுவலகத்தில் என் இருக்கையைக் கதவோரம் மாற்றித் தரச் சொன்னபோது யாரும் காரணம் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில். நீ ஒருத்திதான் ஒவ்வொரு கடிதத்திலும் "எத்தனை தடவை, ரத்தம் உண்டா, உண்மையைச் சொல்" என்று எழுதினாய். முதல் முறை படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாம் முறைக்குள் அந்தக் கேள்விக்காகத் தபால்காரரை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டேன். என் நோயை நான் ஒளிக்க வேண்டியிராத ஓர் இடம் இருந்தது. அது உன் கடிதத்தின் நடுப் பத்தி.

ஒப்பீட்டுக் குழுவில் சேர்ந்த அன்று செவிலியர் ஒரு கேள்வி கேட்டார்: "உங்க நோயப் பத்தி முழுசா யார்கிட்டப் பேசுவீங்க?" என் மனைவி பக்கத்தில் இருந்தாள். நான் தயங்கியதைக் கண்டு, "எழுதிக்கோங்க, தங்கச்சி" என்று அவளே சொன்னாள். வருத்தத்தோடு அல்ல; நன்றியோடுதான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவளால் கேட்க முடியாததை நீ கேட்டுக்கொண்டிருந்தாய்.

இதற்கெல்லாம் நான் ஒரு முறையும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அலுவல் மொழியில் சொல்வதற்குக் கோபிக்காதே. எனக்கு வேறு மொழி நன்றாக வராது. உன் கேள்விகளுக்கும், நீ அனுப்பிய தூக்கத்துக்கும், நான் நெருக்கமாக உணர்ந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே, இதுவே கடைசிக் கடிதம் என்ற உன் அறிவிப்பு செல்லாது. 22ஆம் தேதி சோதனைக்குப் போகமாட்டேன் என்பதும் செல்லாது. உனக்கு வந்தது உனக்கு வேண்டியதல்ல; யாருக்கும் வேண்டியதல்ல. போவாய். மாப்பிள்ளை உன்னை அழைத்துச் செல்வார். அவரிடம் உன் அண்ணி பேசிவிட்டாள், அவர் மறுக்கும் நிலையில் இல்லை.

இனி என் கேள்விகள். இரவில் எவ்வளவு நேரம் அரிக்கிறது? கண் எந்த நிறம்? சிறுநீர் எந்த நிறம்? நொதி எவ்வளவு? உண்மையைச் சொல்லவும்.

நான் நாளொன்றுக்கு மூன்று முறை. இரத்தம் இல்லை.

உன் பதில் எழுத்துப்பூர்வமாக, உன் கையெழுத்தில், ஜூலை 31 மாலைக்குள் எனக்கு வந்து சேர வேண்டும். மன்னிப்பு என்ற சொல் இடம்பெறும் பதில் பரிசீலிக்கப்படமாட்டாது. காலக்கெடு நீட்டிக்கப்படவும் மாட்டாது.

அன்புடன்,
அண்ணன்